சிக்னலில் தானாய் அணையும் எஞ்சின்: மானம், ஏசி, ஒரு ரூபாய்

இவ்வாய்வின் பொருள் சிறியது, அது நிகழும் நேரம் அதைவிடச் சிறியது. கார் சிக்னலில் நிற்கிறது. ஓட்டுநர் சாவியைத் தொடவில்லை, எஞ்சின் அணைகிறது. கிளட்சை மிதித்தாலோ, ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலோ அதுவே மறுபடி கிளம்புகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் ஓட்டுநரின் உள்ளத்தில் நிகழ்வது என்ன என்பதே ஆய்வுச் சிக்கல். எஞ்சினியர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர்கள் அனைவரும் எஞ்சினையே ஆராய்ந்தார்கள். எஞ்சின் அணையும்போது முகம் வாடுவது எஞ்சினுக்கு அன்று என்பதை அவர்கள் கருதினாரில்லை.

ஆய்வுக்களம் சென்னை. குறிப்பாக வேளச்சேரி விஜயநகர், மத்திய கைலாஷ், வடபழனி ஆகிய சந்திப்புகள். கத்திப்பாரா விலக்கப்பட்டது. 2008-இல் மேம்பாலம் வந்தபின் அங்கே நிற்பதற்கு முறையான காரணம் கிடையாது. நிற்கிறார்கள் என்பது வேறு விஷயம். தகவலாளிகள் நான்கு வகையினர்: சொந்தக் கார்க்காரர், கால் டாக்ஸி ஓட்டுநர், மெக்கானிக், முன்சீட்டு மாமனார். சதவீதக் கணக்கு எதுவும் தரப்படவில்லை. ஒரே ஆள் டிசம்பரில் "நல்ல சிஸ்டம் சார்" என்றும், மே மாத மதியத்தில் அச்சில் ஏற்ற முடியாத வேறொன்றும் சொன்னால் அவரை எந்தக் கட்டத்தில் போடுவது?

முன்வரலாறு சுருக்கமானது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அந்தப் பத்தாண்டிலேயே டொயோட்டா தன் க்ரௌன் காரில் இதை முயன்று பார்த்தது. 1983-இல் ஃபியட் ரெகாட்டாவில் வைத்தது. 1990களில் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஈகோமேட்டிக் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அது சிக்னலில் மட்டுமல்ல, ஓடும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் எஞ்சினை அணைத்துவிடும். ஒழுங்குக்குப் பேர்போன ஜெர்மானியர்களே அதை வாங்கவில்லை. நம் நாட்டில் மஹிந்திரா இதை மைக்ரோ ஹைப்ரிட் என்று பெயரிட்டு பொலேரோ, ஸ்கார்ப்பியோ வண்டிகளில் விற்றது. 2015-இல் மாருதியின் சியாஸ் டீசலில் எஸ்.எச்.வி.எஸ். என்ற நான்கெழுத்துடன் வந்தது. பின்கதவில் அந்த எழுத்துகளை ஒட்டியிருந்தவர்களில் சிலர் "பாதி கரண்ட்லதான் ஓடுது" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லி வந்தது இவ்வாய்வுக்குப் புறம்பானது.

இனி ஏசி. சென்னையில் எஞ்சின் என்பது ஏசியை ஓட்டுவதற்கான இயந்திரம். ஒழிந்த நேரத்தில் வண்டியையும் இழுக்கும். பெரும்பாலான கார்களில் ஏசி கம்ப்ரெசர் எஞ்சின் பெல்ட்டில் சுற்றுவது. எஞ்சின் அணைந்தால் கம்ப்ரெசர் நிற்கும், ப்ளோயர் மட்டும் ஊதிக்கொண்டிருக்கும். முதல் சில விநாடிகள் ஒன்றும் தெரியாது. பிறகு டாஷ்போர்டின் துவாரங்களிலிருந்து, அடைமழை நாளில் காயாத துண்டை முகத்தில் போட்டாற்போல ஒரு வாடை கிளம்பும். கூலிங் காயிலில் படிந்த ஈரம் சூடேறுகிறது என்பது அதன் பொருள். அப்புறம் காதோரத்தில் வியர்வை. வண்டியும் இதை உணர்ந்து, சிவப்பு எண் இன்னும் நாற்பது காட்டும்போதே எஞ்சினைக் கிளப்பிவிடும். "வண்டி நின்னா ஏசி நிக்கும், ஏசி நின்னா ரேட்டிங் நிக்கும்" என்றார் ஒரு கால் டாக்ஸி அண்ணன். இத்துறையில் இதைவிடச் செறிவான சூத்திரம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. மே மாத மதியத்தில் பல வண்டிகள் எஞ்சினை அணைப்பதே இல்லை. உள்ளே குளிர் போதவில்லை என்று கண்டால் சிஸ்டம் தானே ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே மே மாதத்தில் பதிவான வசவுகளில் ஒரு பங்கு, நிகழாத ஒன்றைக் குறித்தது.

மெக்கானிக்குகளின் தரப்பு உறுதியானது: "செல்ஃப் மோட்டார் எத்தனை தடவைதான் தாங்கும்?" நியாயமான கேள்வி, கம்பெனிகளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இந்த வண்டிகளில் கூடுதல் உறுதியான ஸ்டார்ட்டரையும், இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். என்ற விலைகூடிய பேட்டரியையும் வைக்கின்றன. மாருதியின் எஸ்.எச்.வி.எஸ். வகையில் பெல்ட் வழியாகவே எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புவதால் 'கிர்ர்' என்ற சத்தம்கூட வராது. பேட்டரி சற்றே சோர்ந்தாலும் சிஸ்டம் வேலைநிறுத்தம் செய்துவிடும், ஏனெனில் அணைத்ததைத் திரும்பக் கிளப்ப முடியுமா என்ற ஐயம் அதற்கும் உண்டு. இதை ஓட்டுநர்கள் வேறு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். "ஆரம்பத்துல நின்னு நின்னு போச்சு சார், ரெண்டு வருஷத்துல தானா சரியாயிடுச்சு" என்றார் ஒருவர். சரியானது அவர் மனம், பழுதானது பேட்டரி.

டீசல் ஓட்டியவர்களின் குறை இன்னும் ஆழமானது, இதில் என் அனுதாபம் முழுக்க அவர்கள் பக்கம். டர்போ வந்த காலத்தில் அவர்களுக்குச் சொல்லப்பட்ட முதல் பாடம், வண்டியை நிறுத்தியவுடன் எஞ்சினை அணைக்காதே என்பது. அரை நிமிஷம் சும்மா ஓடவிடு, டர்போ ஆறட்டும், ஆயில் சுற்றட்டும். இதைத் தாரக மந்திரமாகக் கொண்டு இருபது வருஷம் ஓட்டிய மனிதர், புது வண்டி வாங்கி முதல் சிக்னலில் நிற்கிறார். அது பொட்டென்று அணைகிறது. சூடு அதிகமென்றால் சிஸ்டம் அணைக்காது, இப்போதைய டர்போக்களில் பலவற்றுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி உண்டு என்றெல்லாம் விளக்கலாம். விளக்கிப் பார்த்தேன். "அப்போ அன்னைக்குச் சொன்னது பொய்யா?" என்று கேட்கிறார்.

இவையெல்லாம் மேற்பரப்பு என்பதே இவ்வாய்வின் துணிபு. ஏசியும் செல்ஃப் மோட்டாரும் ஓட்டுநர் வெளியே சொல்லும் காரணங்கள். உள்ளே இருப்பது மானம்.

என்னை? டிரைவிங் ஸ்கூலில் நாம் கற்கும் முதல் அவமானம் எஞ்சின் நடுரோட்டில் ஆஃப் ஆவது. கிளட்சைச் சட்டென்று விட்டோம், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. பின்னால் மாநகரப் பேருந்து. பக்கத்தில் தனக்கென்று தனி கிளட்சும் பிரேக்கும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாஸ்டர், "ஆஃப் பண்ணிட்டியா?" என்று கேட்ட தொனி எவருக்கும் மறப்பதில்லை. அதன் பிறகு ஒருவர் நல்ல டிரைவர் என்பதற்கு நம் ஊரில் ஒரே அளவுகோல்தான்: அவர் கையில் வண்டி ஆஃப் ஆகாது. இவ்வாறு அரும்பாடுபட்டுச் சேர்த்த மதிப்பை, பன்னிரண்டு லட்ச ரூபாய் கார் ஒவ்வொரு சிவப்பிலும் பறிக்கிறது. முன்சீட்டு மாமனார், "என்ன மாப்ள, வண்டி நின்னுருச்சா? சர்வீஸ் விட்டீங்களா இல்லையா?" என்கிறார். இது வசதி, மைலேஜுக்காக என்று விளக்கத் தொடங்குவதற்குள் பச்சை விழுந்துவிடும். அவர் முகத்தில் ஐயம் அப்படியே நிற்கும்.

அற்றேல், இவர்களுக்கு எஞ்சினை அணைப்பதே ஆகாதோ எனின், அற்றன்று. அணைப்பதில் நம்மவரை விஞ்ச ஆளில்லை. விஜயநகரில் சிவப்பு எண் தொண்ணூறு காட்டினால் ஆட்டோ அண்ணன் சாவியைத் திருப்பிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறார். ரயில்வே கேட்டில் பைக்குகள் அத்தனையும் அடங்குகின்றன. சிக்னலில் எஞ்சினை அணையுங்கள் என்று பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் காலங்காலமாக விளம்பரம் செய்கிறது. டெல்லி அரசு 2020-இல் இதற்கென்றே ஆட்களை அட்டையுடன் சந்திப்புகளில் நிறுத்தியது. ஆகவே செயல் ஒன்றே. செய்தவர் யார் என்பதில்தான் வழக்கு. அந்த ஆட்டோ அண்ணனிடமே கேட்டேன். "நாமளா நிறுத்துனா சிக்கனம் சார். அதுவா நின்னா ரிப்பேர்."

இக்கருதுகோளுக்கு வலுவான சான்று இருசக்கர வாகனங்களில் கிடைக்கிறது. ஹீரோ 2014-இல் ஸ்ப்ளெண்டர் ஐஸ்மார்ட்டில் இதே வசதியைக் கொடுத்தது: நியூட்ரலில் ஐந்து விநாடி நின்றால் எஞ்சின் அணையும், கிளட்சைப் பிடித்தால் கிளம்பும். பைக்காரர்களிடம் இதைப் பற்றிக் கொந்தளிப்பு ஏதும் காணோம். காரணம், ஹேண்டில்பாரில் அதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. போட்டால் போட்டபடி, அணைத்தால் அணைத்தபடி கிடக்கும். காரில் அப்படி இல்லை. வளைந்த அம்புக்குள் 'ஏ' எழுத்துள்ள பொத்தானை அமுக்கி, ஆரஞ்சு விளக்கைப் பார்த்துத் திருப்தியடைந்து, ஆபீஸ் போய், மாலையில் வண்டியை எடுத்தால் பெரும்பாலான கார்களில் சிஸ்டம் மறுபடி விழித்திருக்கும். காலையில் நடந்த பேச்சுவார்த்தை அதற்கு நினைவே இல்லை. எனவே சீட் பெல்ட், கண்ணாடி, பொத்தான், பிள்ளையார் என்பது பல இல்லங்களில் புறப்பாட்டு வரிசையாகிவிட்டது.

இந்த மறதியை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். அதன் வேரைத் தேடி நாம் ஒரகடம் போகவேண்டும். அங்கே வாகனச் சோதனை மையம் ஒன்று இருக்கிறது. நம் நாட்டுக் கார்களின் மைலேஜும் புகையும் இதுபோன்ற கூடங்களில், உருளைகள்மேல் சக்கரம் சுழல, வண்டி இருந்த இடத்திலேயே ஓடி அளக்கப்படுகின்றன. அந்தச் சோதனை ஓட்டம் 1180 விநாடி. அதில் ஏறக்குறைய கால்பங்கு நிற்பதற்கானது. நகரப் பகுதியைப் போலச் செய்யும் ஒவ்வொரு 195 விநாடிச் சுற்றிலும் 60 விநாடி சும்மா நிற்கவேண்டும். ஏசி போடப்படுவதில்லை. ஹாரன் இல்லை. மாமனார் இல்லை. வண்டி விழிக்கும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் அளப்பார்கள் என்பதால் பொத்தான் விழித்தே இருக்கவேண்டும். அளவில் குறையும் ஒவ்வொரு கிராம் கரியமிலவாயுவும் கம்பெனிக்குப் பணம். 2017 முதல் கம்பெனி விற்கும் எல்லாக் கார்களின் சராசரிக்கும் இங்கே வரம்பு உண்டு. ஆகவே இந்த வசதி பிறந்தது நமக்காக அன்று, ஒரகடத்து உருளைகளுக்காக என்க. அமெரிக்காவிலும் இதே கதைதான்: 2025 மே மாதம் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையின் தலைவர் லீ செல்டினே, எல்லாரும் இதை வெறுக்கிறார்கள், மாற்றப்போகிறோம் என்று பகிரங்கமாக எழுதினார். சுற்றுச்சூழலைக் காக்கும் பதவியில் இருப்பவர் காக்கும் கருவியை வைதது நம் தகவலாளிகளுக்குப் பெரிய ஆறுதல்.

சரி, மிச்சம் எவ்வளவு? சிறிய பெட்ரோல் கார் சும்மா நின்று ஓடினால் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நிமிஷத்துக்கு ஒரு ரூபாய், முன்னே பின்னே. திரும்பக் கிளப்ப ஆகும் பெட்ரோல் சில விநாடி ஓட்டத்துக்குச் சமம். ஆகவே மிச்சம் உண்மைதான். ஆனால் பத்து ரூபாய் பார்க்கிங் கட்டணத்துக்காக மூன்று தெரு தள்ளி நிறுத்தும் அதே மனிதர்தான் இந்த ஒரு ரூபாயை வேண்டாம் என்கிறார். நம்மவர் பணத்தைவிட மானத்தைப் பெரிதாக நினைப்பதற்கு இக்காலத்தில் இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மாறுபட்ட தரவுகள் இரண்டு. மேனுவல் வண்டியை நியூட்ரலில் போட்டுக் கிளட்சை முழுதும் விட்டால்தான் சிஸ்டம் வேலை செய்யும். ஆகவே ஃபர்ஸ்ட் கியரில் கிளட்சை மிதித்தபடியே நிற்கும் பெருங்கூட்டத்துக்கு இப்படியொன்று இருப்பதே தெரியாது. "எங்க வண்டியில அந்தப் பிரச்சனையே இல்ல" என்பார்கள். அவர்கள் மிச்சப்படுத்திய மானம் பின்னாளில் கிளட்ச் பேரிங்கில் கழியும். மற்றது ஸ்ட்ராங் ஹைப்ரிட் கார்கள்: அவற்றில் எஞ்சின் நிமிஷத்துக்கு நிமிஷம் அணைகிறது, ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஏசி மின்சாரத்தில் ஓடுகிறது, வண்டி சத்தமில்லாமல் நகர்கிறது. மாமனாரும் "நைஸா போகுதே" என்கிறார்.

நாட்டு வைத்தியம் ஒன்றையும் பதிவு செய்யவேண்டும். சில கார்களில் ஓட்டுநர் சீட் பெல்ட் போடாவிட்டால் எஞ்சின் தானாய் அணையாது. மத்திய கைலாஷில் பார்த்த ஒருவர் இதைக் கண்டுபிடித்து, பெல்ட்டையே விட்டுவிட்டார். அபராதம் 1000 ரூபாய். சிக்னலில் மிச்சப்படுத்தினால் ஆயிரம் நிமிஷக் கணக்கு. அதைக்கூட அவர் பொறுத்தார். பெல்ட் போடச் சொல்லி ஓயாமல் கத்தும் 'கீங் கீங்' அலாரத்தைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அதை அடக்க, பெல்ட் குத்தும் இடத்தில் செருகிவைக்கும் போலிக் கொக்கி ஒன்றை எங்கோ வாங்கிவந்து குத்தினார். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்ன அதே சாமான். அலாரம் அடங்கியது. பெல்ட் போட்டாகிவிட்டது என்று வண்டி நம்பி, அடுத்த சிவப்பில் எஞ்சினை அணைத்தது.