கேள்வி அக்கரை, பதில் இக்கரை

கே: ஆற்றங்கரையைச் செப்பனிட வந்த முதல் தன்னார்வலர் யார்? (மதுரை வாசகர்)

ப: உங்கள் ஊர் சொக்கநாதர்தான். வந்திப் பாட்டியின் பங்குக்கு வைகைக் கரையை அடைக்க வந்தவர். ஆனால் தன்னார்வலர் கணக்கில் சேராது. உதிர்ந்த பிட்டு கூலி! தின்றுவிட்டுத் தூங்கியதற்கு அரிமர்த்தன பாண்டியனிடம் பிரம்படி வேறு. இன்று கரைக்கு வருகிறவர்கள் பிட்டும் கேட்பதில்லை, தூங்குவதும் இல்லை.

கே: ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் குப்பை பொறுக்கினால் கூவம் சுத்தமாகிவிடுமா? (சென்னை வாசகர்)

ப: ஆகாது. கரைதான் சுத்தமாகும். சாக்கடையை மறித்துச் சுத்திகரிப்பது அரசின் வேலை, அதை அரசிடம் விடாமல் கேளுங்கள். ஆனால் கரையில் நாலு பேர் தினமும் நடந்தால்தான் ராத்திரியில் கட்டட இடிபாடு கொட்ட வரும் லாரி யோசிக்கும்.

கே: இதில் நிஜமாகவே ஜெயித்த ஊர் உண்டா? (ஈரோடு வாசகி)

ப: பக்கத்தில்தானே இருக்கிறது, கோவை! கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் 2017 முதல் ஞாயிறுதோறும் மம்பட்டியோடு இறங்குகிறார்கள். வெள்ளலூர் குளம் காய்ந்து கிடந்தது. அவர்கள் குளத்தைப் பார்க்கவில்லை. நொய்யலிலிருந்து அதற்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலைப் பார்த்தார்கள். மண் மேடிட்டு, முள் மண்டி, குப்பை அடைத்துக் கிடந்தது. அதைத் தூர்வாரியதும் தண்ணீர் தானாக வழி கண்டுபிடித்து வந்தது. அப்புறம் கரையில் நெருக்கி நடும் மியாவாக்கி முறையில் மரங்கள். மரம் வந்ததும் பட்டாம்பூச்சி, பட்டாம்பூச்சி வந்ததும் அதை எண்ணுகிறவர்கள், கடைசியில் பட்டாம்பூச்சிப் பூங்காவே வந்தது. நோய் வயிற்றில், களிம்பு நெற்றியில் என்று வைத்தியம் பார்க்கிற மற்ற ஊர்க்காரர்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கே: கரையிலிருந்த சீமைக் கருவேலத்தை வெட்டித் தள்ளிவிட்டோம். அடுத்து? (பரமக்குடி வாசகர்)

ப: அடுத்தும் அதுவேதான். வெட்டினால் தூரிலிருந்து நாலாகக் கிளம்பும். வேரோடு எடுக்க வேண்டும். அதற்காகச் சரிவு முழுவதையும் ஒரே நாளில் பிடுங்கினால் முதல் வெள்ளத்தில் கரையும் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். எடுத்த இடத்தில் உடனே வெட்டிவேரும் நாணலும், மேட்டில் புங்கனும் நீர்மருதும். வெட்டிவேர் நல்ல மண்ணில் மூன்று மீட்டர் வரை இறங்கும். காண்ட்ராக்டர் கட்டுகிற சுவர் எத்தனை அடி இறங்குகிறது என்று அளந்து எழுதுங்கள்.

கே: ஆகாயத்தாமரை அள்ள அள்ள வருகிறதே, அட்சய பாத்திரமா? (வேலூர் வாசகி)

ப: பாத்திரத்தை நிரப்புவது நம் சாக்கடை. கழிவுநீர் அதற்கு உரம். ஊட்டம் கிடைத்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். பூக்கும் முன்னே அள்ளுங்கள். அள்ளியதைக் கரையில் குவித்துவிட்டு வீட்டுக்குப் போனால், அடுத்த மழையில் அதுவும் தன் வீட்டுக்குப் போய்விடும்.

கே: நடைபாதைக்கு டைல்ஸ் பதிக்கலாமா?

ப: உங்கள் வீட்டு ஹாலில் தாராளமாக. கரை, நீர் குடிக்கிற மண். அதன் வாயை மூடாதீர்கள்.

கே: அந்தக் காலத்தில் ஏரி, வாய்க்காலைச் செப்பனிடும் குடிமராமத்துக்கு ஊரே மனமுவந்து வந்ததாமே? (தஞ்சை வாசகர்)

ப: மனமுவந்து வந்திருந்தால், வராதவர்களைப் பிடிக்க வெள்ளைக்காரன் 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டது எதற்கு? மண் சுமந்தது யார், வரப்பில் குடை பிடித்து நின்றது யார் என்றும் விசாரியுங்கள். இன்று கரையில் ஐ.டி. பெண்ணும் ஆட்டோக்காரரும் ஒரே கூடையைக் கைமாற்றுகிறார்கள். எனக்கு இந்தக் காலம்தான் பிடித்திருக்கிறது.

கே: பாபநாசத்தில் ஆற்றில் விடும் துணிகளைப் பற்றி? (அம்பாசமுத்திரம் வாசகர்)

ப: பாவத்தைக் கழிக்க வந்தவர் புதுப் பாவம் ஒன்றைச் செய்துவிட்டு பஸ் ஏறுகிறார். துணி பாறையில் சிக்கும், குளிப்பவர் காலைச் சுற்றும். கழுத்தளவு நீரில் இறங்கி அதை இழுத்துப் போடுகிற பிள்ளைகளுக்கு என் வணக்கம். பிதுர்களுக்கு எள்ளும் தண்ணீரும் போதும் ஐயா, வேட்டியை வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

கே: கரையில் மரம் நட்டேன். என் பெயரில் பலகை வைக்க மறுக்கிறார்கள்! (திருச்சி வாசகர்)

ப: சரியாகத்தான் மறுக்கிறார்கள். நடுவது ஐந்து நிமிஷம், போட்டோ அரை நிமிஷம். பங்குனி, சித்திரை வெயிலில் குடம் சுமந்து வந்து ஊற்றுகிறவர் ஒருவர் இருப்பார். மூன்று கோடை தாண்டட்டும், அவர் பெயரை எழுதச் சொல்லி நானே சிபாரிசு செய்கிறேன்.

கே: எங்கள் ஊரில் தொடங்கப் போகிறோம். முதல் வேலை? (கரூர் மாணவர்)

ப: நீர்வளத்துறை பொறியாளரிடம் ஒரு மனு, கரை அரசு நிலம். பிறகு கனமான கையுறை, பூட்ஸ். மணலுக்குள் உடைந்த பாட்டில் காத்திருக்கும். மூன்றாவதாக, அங்கே ஆடு மேய்க்கிற அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். எந்தக் குழாயில் எந்நேரம் என்ன நிறத்தில் தண்ணீர் வருகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

கே: வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேர், கரைக்கு வந்தது ஆறே பேர்!

ப: ஆறு பேரோடு தொடங்குங்கள். மற்றவர்களுக்குப் போட்டோ அனுப்பாதீர்கள். அடுத்த ஞாயிறுக்கு எத்தனை மம்பட்டி குறைகிறது என்று அனுப்புங்கள்.