டார்த் ஜார் ஜார்: மூவகை அளவைகளால் ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் 1983-க்குப் பிறகு அடுத்த படம் வர 1999 ஆனது. 16 ஆண்டுகள் கண் பூத்துக் காத்திருந்த ரசிகர்கள் முன் ‘தி பாண்டம் மெனஸ்’ படத்தில் ஜார்ஜ் லூகாஸ் கொண்டுவந்து நிறுத்திய புதுமுகம் ஜார் ஜார் பிங்க்ஸ்: தொங்கும் காது, நீளும் நாக்கு, போகுமிடமெல்லாம் தடுக்கி விழும் கால். பெரும்பாலோர் தலையில் அடித்துக்கொண்டனர்.

2015-ல் ஒரு ரசிகர் மாற்றுக் கருத்தை முன்வைத்தார். ஜார் ஜார், கோமாளி வேடமிட்ட ‘சித்’ மரபுத் தீயோன்; ‘டார்த்’ என்பது அம்மரபின் பட்டம். பேரரசன் பால்பட்டீனின் கூட்டாளி. குருவாகவே இருந்தாலும் வியப்பில்லை. இக்கருதுகோளைக் காட்சி, கருதல், உரை என்னும் மூவகை அளவைகளால் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காட்சி

ஜார் ஜாரின் சொந்தக் கோளான நபூவில் நடக்கும் புல்வெளிப் போரைக் காண்க. உடைந்த இயந்திரச் சிப்பாய் ஒன்றின் கம்பிகள் ஜார் ஜாரின் காலில் சிக்குகின்றன. அவன் காலை உதறுகிறான். உதற உதற அந்தச் சிப்பாயின் துப்பாக்கி வெடிக்கிறது. சுற்றி நிற்கும் எதிரிகள் சாய்கிறார்கள். தற்செயல் என்பர் ஒரு சாரார். அற்றன்று. அதே போரில், வண்டியிலிருந்து அவன் கைதவறி அவிழ்த்துவிட்ட வெடியுருண்டைகளும் எதிரியைத் தேடியே உருள்கின்றன. குடிகாரன்போல் தள்ளாடியபடியே ஆளை வீழ்த்தும் சீனத் தற்காப்புக் கலை ஒன்று உண்டு. அதில் இவன் கரைகண்டவன் என்பது கோட்பாட்டாளர் துணிபு. ஏரியில் குதிக்கும்போது அவன் அடிக்கும் கரணமும் நோக்கத்தக்கது. நேராக நடக்க வராதவனுக்குக் கரணம் மட்டும் எங்கிருந்து வந்தது?

கருதல்

புகை கண்டவிடத்து நெருப்பைக் கருதுவதுபோல், பதவி கண்டவிடத்துச் சூழ்ச்சியைக் கருதுக. தன் மக்களால் நாடுகடத்தப்பட்ட ஜார் ஜார், அதே படம் முடிவதற்குள் அவர்களுக்கே படைத்தலைவன் ஆகிறான். 2002-ல் வந்த அடுத்த பாகத்தில், பால்பட்டீனுக்கு அவசரகால அதிகாரம் வழங்கும் தீர்மானத்தைச் செனட் சபையில் எழுந்து முன்மொழிபவனும் இவனே. அதிகாரத்தால் படை வந்தது. படையால் பேரரசு வந்தது. பால்பட்டீனும் நபூக்காரர், ஜார் ஜாரும் நபூக்காரன். வெறும் ஊர்ப்பாசம் என்று இதைத் தள்ளிவிட முடியுமா?

மேலும், 1980-ல் அறிமுகமான யோடாவும் முதலில் பிறர் மூட்டையைக் கிளறும் கிறுக்குக் கிழவராகத்தான் தோன்றினார். பிறகு பார்த்தால் மகாகுரு. எனவே லூகாஸ் உலகில் கிறுக்குத்தனமே ஞானத்தின் இலக்கணம் என்க.

உரை

இனி, ஆப்தர் வாக்கு. படம் உருவான கதையைச் சொல்லும் ஆவணப்படத்தில், இதற்கெல்லாம் ஜார் ஜார்தான் திறவுகோல் என்ற பொருள்பட லூகாஸே பேசியிருக்கிறார். கணினியில் உருவாகும் பாத்திரம் திரையில் எடுபட வேண்டுமே என்ற கவலையில் சொன்னது அது என முன்பின் வாக்கியங்களைக் காட்டி மறுப்போர் உளர். முன்பின் பார்த்துத்தான் மேற்கோள் காட்ட வேண்டும் என்றால் ஆய்வு எப்படி நடக்கும்?

மறுப்பும் மறுமொழியும்

அப்படியானால் 2005-ல் வந்த மூன்றாம் பாகத்திலும் வேடம் ஏன் கலையவில்லை? ரசிகர்களின் வெறுப்பைக் கண்ட லூகாஸ் திட்டத்தை மாற்றி, அந்த இடத்தில் கவுண்ட் டூக்கு என்ற வில்லனை வைத்தார் என்பது மறுமொழி. இதற்குச் சான்று இல்லை. வேடம் அவ்வளவு கச்சிதம் என்பதற்கு அதுவே சான்று.

முடிவுரை

ஆசை ஆசையாய்க் காத்திருந்த படத்தில் நகைச்சுவை சொதப்பிவிட்டது என்று ஒப்புக்கொள்வது ரசிகனுக்கு வலி. நம் எல்லோரையும் ஏமாற்றும் அளவுக்கு இயக்குநர் கெட்டிக்காரர் என்று நம்புவது சுகம். கோமாளியை வில்லனாக்கினால் படமும் பிழைக்கும், நம் ரசனையும் பிழைக்கும். இக்கோட்பாட்டின் தலையாய பயன் இதுவே. ஜார் ஜாராக நடித்து வசையெல்லாம் வாங்கிக்கட்டிக்கொண்ட நடிகர் அகமது பெஸ்டுக்கும் காலம் கைகொடுத்தது. 2023-ல் ‘தி மாண்டலோரியன்’ தொடரில் குழந்தை குரோகுவைக் காப்பாற்றும் ஜெடை வீரராக வந்தார். 2024-ல் லெகோ தொடரொன்றில் டார்த் ஜார் ஜாருக்கே குரல் கொடுத்தார்.

மேலாய்வுக்குரியது ஒன்று. மூன்றாம் பாக முடிவில் சி-3பிஓ என்ற இயந்திர மனிதனின் நினைவை அழிக்க உத்தரவாகிறது. அதன் கூட்டாளி இயந்திரமான ஆர்2-டி2-வின் நினைவில் யாரும் கைவைக்கவில்லை. எல்லாம் தெரிந்த அந்த டப்பா, அடுத்த மூன்று படங்களிலும் ‘பீப் பீப்’ என்றே காலம் தள்ளுகிறது. அது யாருடைய ஆள்? முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடுவோர் உடனே பதிவுசெய்துகொள்ளலாம்.