முப்பது வினாடிப் பொறுமை

சாலையைக் கடப்பதற்காகச் சிக்னல் முன் நிற்கும் பாதசாரி சராசரியாக எத்தனை வினாடி காத்திருக்கிறார் என்பதைக் கண்டறியப் போக்குவரத்துப் பொறியியலில் ஒரு சூத்திரம் உண்டு. சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் ஒருமுறை வந்துபோக ஆகும் மொத்தக் காலம் 'சுற்று நேரம்' எனப்படும். அதிலிருந்து பாதசாரிக்கு விழும் பச்சையின் நேரத்தைக் கழித்து, மீதியை அந்த மீதியாலேயே பெருக்கி, சுற்று நேரத்தின் இரு மடங்கால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். சுற்று 120 வினாடி, பச்சை 20 வினாடி எனில் காத்திருப்பு ஏறத்தாழ 42 வினாடி. பச்சை விழுந்திருக்கும்போது வந்து, நிற்காமலே கடந்துபோகும் புண்ணியவான்களையும் சேர்த்து எடுத்த சராசரி இது என்பதையும், அத்தகையோர் ஆறு பேரில் ஒருவரே என்பதையும், அந்த ஒருவர் எப்போதும் வேறு யாராகவோதான் இருப்பார் என்பதையும் வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும்.

சுற்றை 60 வினாடியாகக் குறைத்து அதே 20 வினாடிப் பச்சையைக் கொடுத்தால், காத்திருப்பு 13 வினாடிக்கு இறங்கிவிடும். ஆயினும் ஒவ்வொரு சுற்றிலும் வண்டிகள் நின்று கிளம்புவதில் சில வினாடிகள் வீணாவதால், நெரிசல் மிகுந்த சந்திப்புகளில் நீண்ட சுற்றே வண்டிகளுக்கு அனுகூலம். ஆகவே குளிர்சாதனக் காரில் அமர்ந்திருப்பவரின் சில வினாடிகளைச் சேமித்துத் தரும் பொறுப்பு, வெயிலில் நிற்பவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

காத்திருப்பு 30 வினாடியைத் தாண்டினால் பாதசாரி பொறுமையிழந்து சிவப்பிலேயே இறங்கிவிடக்கூடும் என்று அமெரிக்கப் பொறியாளர்களின் சாலைக் கொள்திறன் கையேடு கூறுகிறது. அதாவது, மனிதப் பொறுமையின் அளவு தெரிந்த துறைதான் அதைவிட நீளமான சிவப்பையும் ஏற்பாடு செய்கிறது.

சென்னை அண்ணா சாலையில் இந்த முப்பது வினாடிகள் எவ்வாறு கழிகின்றன என்பது தனியே ஆராயத்தக்கது. தொடக்கத்தில் பாதசாரி எதிரே உள்ள விளக்கை மரியாதையோடு பார்ப்பார். பிறகு செல்பேசியைப் பார்ப்பார். அதன்பின் ஒரு காலை மட்டும் நடைபாதையிலிருந்து கீழே இறக்கி, தாம் இன்னும் சட்டத்தை மீறவில்லை என்பதற்குச் சான்றாக மறு காலை மேலேயே வைத்திருப்பார். நான்கைந்து பேர் சேர்ந்ததும், யாரும் முடிவெடுக்காமலேயே எல்லாரும் இறங்கிவிடுவர். அப்படைக்குத் தலைமை தாங்குபவர் பெரும்பாலும் வயர்கூடை ஏந்திய ஓர் அம்மாளே ஆவார். வண்டிகளை நோக்கி அவர் விரித்துக் காட்டும் உள்ளங்கை, மின்வெட்டிலும் வேலை செய்யும். பச்சை விழுந்த பின்னும் அக்கையை மடக்க இயலாது. 'ஃப்ரீ லெஃப்ட்' எடுக்கும் டூவீலர்களுக்குப் பாதசாரியின் பச்சை கண்ணில் படுவதே இல்லை.

நியூயார்க்கில் இதற்கு வேறொரு ஏற்பாடு இருந்தது. கம்பத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால் விளக்கு மாறும் என நம்பி மக்கள் அழுத்தி வந்தனர். ஆனால், விளக்குகள் கணினியின் கட்டுப்பாட்டுக்குள் போய்விட்டதால், 3,250 பொத்தான்களில் 2,500-க்கும் மேற்பட்டவை எதனோடும் தொடர்பற்று வெறுமனே இருந்ததாக 2004-இல் செய்தி வெளியாயிற்று. அழும் குழந்தையின் கையில் கொடுத்த கிலுகிலுப்பையாக அவை பயன்பட்டன என்பதால், அவற்றை முற்றிலும் வீண் எனத் தள்ளிவிடவும் முடியாது.

சிங்கப்பூர் அரசு கூடுதல் நாணயத்தோடு நடந்துகொண்டது. அங்கு 2009-இல் அறிமுகமான திட்டத்தின்படி, முதியோர் தம் சலுகை அட்டையைக் கம்பத்தில் உள்ள கருவியில் காட்டினால், சாலையின் அகலத்துக்கு ஏற்பப் பச்சை 3 முதல் 13 வினாடி வரை நீளும். நீள்வது நடக்கும் நேரமே. அதற்கு முன் நிற்கும் நேரத்தைக் குறைக்கும் வேலையை அந்த அட்டைக்கு யாரும் கொடுக்கவில்லை.