பிணைக்கு ஆள் வேணும்

தொண்ணூறுகளில் வன்னியில் ஒருவருடைய மதிப்பு, அவரிடம் எத்தனை பேர் பிணை கேட்டு வருகிறார்கள் என்பதில் தெரியும். காணி உறுதியும் அரசாங்க உத்தியோகமும் இருந்ததால் என் வீட்டு விறாந்தைக் கதிரை ஓய்ந்ததேயில்லை. கண் சத்திரசிகிச்சைக்கு வவுனியா போகும் அம்மா, கொழும்பில் நேர்முகப் பரீட்சைக்குப் போகும் பெடியன், எவருக்கும் வெளியே போக விடுதலைப் புலிகளிடம் பாஸ் வேண்டும். பாஸ் எடுக்கப் பிணையாள் வேண்டும். போனவர் திரும்பாவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்ல வேண்டும்.

தாண்டிக்குளத்தைக் கடந்தால் அரசாங்கப் பக்கமும் சளைத்ததல்ல. வவுனியாவில் ஒருநாள் பாஸ், ஒருவாரப் பாஸ், மாதப் பாஸ் என்று வகைவகையாக வைத்திருந்தார்கள். அங்கேயும் உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பு நிற்க வேண்டும். ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்த இரு தரப்பும் மனமொத்து நடத்திய காரியம் இது ஒன்றுதான். பிறகு 2002இல் உயர் நீதிமன்றம், வவுனியாவின் சிதம்பரபுரம் அகதி முகாமிலிருந்து போன வழக்கில், நடமாடும் உரிமை மனிதனுக்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. பிணை நிற்கும் வேலை அத்தோடு ஒழிந்தது என்று நினைத்தேன்.

இப்போது ஏ9 வீதியில் பாஸ் கேட்பாரில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இருக்கின்றன. பம்பைமடுவில் இருந்த வளாகம் 2021 ஓகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாகிவிட்டது. படிப்பு வளர்ந்த கையோடு, விரிவுரையாளரான என் மருமகன் ஒரு பைலோடு வந்து அதே கதிரையில் இருந்தான்.

"மாமா, கலாநிதிப் பட்டம் செய்ய வெளிநாடு போறன். பொண்ட் எழுத வேணும். பிணைக்கு ஆள் வேணும்."

"திரும்பி வருவியோ?"

"என்ன மாமா, அந்தக் காலத்துப் பாஸ் கந்தோர் மாதிரிக் கேக்கிறியள்!"

கையெழுத்து வைத்தேன். மறுத்திருந்தால் அக்காவுக்கு யார் பதில் சொல்வது?

திரும்பி வந்து வேலை செய்வேன் என்று எழுதிக்கொடுக்கும் பொண்டை முழுக்கப் பிழையென்று சொல்லமாட்டேன். சம்பளத்தோடு விடுமுறை கொடுப்பது பொதுப்பணம். பெரியபரந்தனில் நெல் விதைப்பவர், சீனி வாங்கும்போது கட்டும் வரியும் அதில் இருக்கிறது. படித்தவன் சில வருடம் வந்து படிப்பிக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் போனவர் அங்கேயே தங்கிவிட்டால், கடிதம் கடல் கடந்து போவதைவிடச் சுலபமாக இங்கிருக்கும் பிணையாளியின் வாசலுக்கு வருகிறது. பிணைப்பணம் அறவிடப்படாமல் கிடப்பதைக் கணக்காய்வு அறிக்கைகளும் சொல்லிச் சலித்துவிட்டன.

இது வாத்தியார்மாரின் தொல்லை மட்டும் என்று நினைத்திருந்தேன். வானத்தில் பறக்கிறவர்களுக்கும் கால்கட்டு உண்டாம். குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டப் பயிற்சி கொடுத்துவிட்டு, இத்தனை வருடத்துக்குள் விலகினால் செலவைக் கட்டு என்று எழுதி வாங்கும் விமானக் கம்பனிகள் உலகமெங்கும் இருக்கின்றன. 2023இல் இந்தியாவின் ஆகாசா ஏர், அறிவித்தல் காலத்தை முடிக்காமல் விலகிய விமானிகள் சிலர்மீது பம்பாய் மேல் நீதிமன்றத்துக்கே போனது. 2025 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்றது. கலிபோர்னியாவோ 2026 ஜனவரி 1 முதல் எழுதப்படும் இத்தகைய ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றைத் தடுத்திருக்கிறது. வேறிடத்திலும் செல்லுபடியாகும் தகுதிக்கான செலவை அங்கே திருப்பிக் கேட்கலாம், ஆனால் உண்மைச் செலவுக்கு மேல் கேட்கக்கூடாது; வேலை செய்த காலத்துக்கேற்பத் தொகை குறைய வேண்டும்.

பாஸுக்கும் பொண்டுக்கும் பிணை நின்றவன் என்ற தகுதியில் சொல்கிறேன். தன் வேலைக்கு மட்டும் உதவும் பயிற்சியைக் கொடுத்துவிட்டு ஊழியனிடம் பணம் கேட்பது, மண்வெட்டி வாடகையைக் கூலியாளிடம் கேட்பது போன்றது. சொன்ன சம்பளமும் பதவியுயர்வும் ஆய்வுகூடமும் கிடைக்காவிட்டால் முதலாளிக்கு யார் பிணை என்பதை எந்தப் பொண்டிலும் நான் கண்டதில்லை.

ஆகவே பிள்ளைகளே, கையெழுத்து வைக்குமுன் கேளுங்கள்: தொகை உண்மைச் செலவா? வருடாவருடம் குறையுமா? அவர்களே வேலையால் நிறுத்தினால் கட்டத் தேவையில்லையா? விடை எழுத்தில் இல்லையென்றால் பேனையை மூடி வையுங்கள். மாமாமாரையும் தேடி வராதீர்கள்.