பிளஸ் டூவும் பகுதிநேர இணைய வேலையும்: பாசன நோக்கில் ஓர் ஆய்வு

பொதுத்தேர்வுக்கான படிப்பையும் இணைய வேலையையும் ஒரே செல்போனில் நடத்தும் தஞ்சை வட்டார மாணவர் தனி ஆய்வுக்கு உரியவர். அவர் மூவகைப்படுவார்.

முதலாமவர் வணிகர்: 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திருபுவனம் பட்டுச் சேலையை, தறிப்பக்கமே போகாமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் விற்பவர். இரண்டாமவர் கலைஞர்: காதுகுத்து, வளைகாப்பு வீடியோக்களை வெட்டி ஒட்டி ரீல்ஸ் ஆக்குபவர். மூன்றாமவர் ரசிகர்: லைக் போட்டால் காசு என்று நம்பியவர். இவருக்கு முதலில் நூறோ இருநூறோ வரும். அடுத்த 'டாஸ்க்'குக்கு முன்பணம் கட்டுவார். பிறகு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை மனப்பாடம் செய்வார். இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட தளங்களை மத்திய அரசு 2023 டிசம்பரில் முடக்கியது. வயலில் கோரை பிடுங்கியவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

படிப்போடு இன்னொன்றையும் பார்க்கும் இத்துறையின் முன்னோடி கும்பகோணத்தவர். டவுன் ஹைஸ்கூல் மாணவர் ராமானுஜன் கையில் 1903இல் கார் என்பவர் தொகுத்த கணித நூல் கிடைத்தது. அதன்பின் வேறு பாடம் கண்ணில் படவில்லை. 1904இல் உதவித்தொகையோடு அரசு கல்லூரியில் சேர்ந்தவர், ஆங்கிலத்தில் கோட்டைவிட்டு அந்த உதவித்தொகையை இழந்தார். சம்பளமே இல்லாத பகுதிநேர ஈடுபாடும் படிப்பை விழுங்கும் என்பதற்கு இது சான்று. 'ராமானுஜனே ஃபெயில்தானே' என்று வீட்டில் வாதாடுவோர், அவர் நோட்டுகளில் இருக்கும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தேற்றங்களை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

அதே 1903இல், மைனர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று மொஹோரி பீபி வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. நம் முதலாமவரின் பட்டு வணிகம் அம்மா பெயரில் நடப்பதன் வரலாற்றுப் பின்னணி இதுவே.

இனி நேரக் கணக்கு. வளரிளம் பருவத்தினரை இரவு 7 முதல் காலை 8 வரை வேலை வாங்கக் கூடாது என்கிறது, 2016இல் திருத்தப்பட்ட 1986ஆம் ஆண்டுச் சட்டம். பள்ளி விட்டு, டவுன் பஸ் பிடித்து வீடு சேர ஐந்து மணி. மிச்சம் இரண்டு மணி நேரம். அது டியூஷன் நேரம். ஆக, சட்டம் அனுமதிக்கும் வேலைநேரம் பூஜ்யம்.

நாற்றுப் பறித்தும் கதிர் அடித்தும் படித்த தலைமுறைகள் டெல்டாவில் உண்டு. அவர்களுக்குக் கால அட்டவணை போட்டது மேட்டூர் அணை. வழக்கப்படி ஜூன் 12இல் திறப்பு, ஜனவரி 28இல் அடைப்பு, 230 நாள். பள்ளி திறப்பதும் ஜூன். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்துவிடும், தேர்வு மார்ச்சில். வயல் தன் ஆளைச் சரியான நேரத்தில் விடுவித்துவிடும். இணைய வேலைக்கோ குறுவை, தாளடி என்ற கணக்கே கிடையாது. மாசி முகூர்த்தத்தில் ரீல்ஸ் ஆர்டர் குவியும். கையோடு வேதியியல் தேர்வும் வந்து நிற்கும்.

ஆகவே, வீட்டு வைஃபைக்கும் ஜனவரி 28 அடைப்பு என்று இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. அவசரத்துக்கு முறைப்பாசனம் வைத்துக்கொள்ளலாம். மேட்டூர் மதகு நீர்வளத் துறை கையில். வைஃபை மதகு அம்மா கையில். அம்மாவின் சீரியலும் அதே வாய்க்காலில் பாய்வதால், அடைப்பு அறிவிப்பு இவ்வாண்டும் தள்ளிப்போகும் எனக் கடைமடை வட்டாரங்கள் தெரிவிக்கின்றன.