ஷிப்டுக்கு வரும் கோழிகள்

சாகுபுரத்தில் பொழுது ஷிப்டுக் கணக்கில்தான் போகும். 1950-களின் கடைசியில் காஸ்டிக் சோடா ஆலை வந்த ஊர். முகூர்த்தம் குறிக்கப் போகிறவர்கள்கூட, அன்றைக்கு மாப்பிள்ளைக்கு ‘ஏ’ ஷிப்டா ‘சி’ ஷிப்டா என்று கேட்டுக்கொண்டுதான் பஞ்சாங்கத்தைப் பிரிப்பார்கள். இப்படிப்பட்ட ஊருக்குப் பொருத்தமான கோழி வெள்ளை லெகான். அதுவும் ஷிப்டு பார்க்கிற ஜாதி.

ஒரு முட்டை வயிற்றுக்குள் உருவாகி வெளியே வர 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். சில கோழிகளுக்கு 26 வரை. ஆகையால் இன்று ஏழு மணிக்கு இட்ட கோழி நாளைக்கு எட்டுக்கு இடும், மறுநாள் ஒன்பதைத் தாண்டும். இப்படியே தள்ளிக்கொண்டு போய், சாயங்காலம் எட்டிப் பார்க்கிற கட்டம் வந்ததும் ஒருநாள் ‘வீக்லி ஆஃப்’. அதற்கடுத்த நாள் காலையில் மறுபடி ‘ஏ’ ஷிப்டு. நாளுக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் இருந்தால்தான் முட்டை குறையாது என்பதால், கூட்டுக்குள் ஒரு பல்பு எரிய வேண்டும். ஓவர்டைம் பார்ப்பது கோழி, கரண்ட் பில் மட்டும் எனக்கு.

இத்தாலியில் லிவோர்னோ என்ற துறைமுகத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய இனம் இது. இன்று நாமக்கல் பண்ணைகளில் வரிசை வரிசையாக நிற்கும் பி.வி. 300-ம் இதன் வழிவந்ததுதான். நாட்டுக்கோழி வருஷத்துக்கு அறுபது எழுபது இட்டாலே திருஷ்டி கழிக்க வேண்டும். இது 300-ஐத் தாண்டிப் போகும். நாமக்கல் பக்கம் லாரி ஓட்டும் ஒரு அண்ணாச்சி எனக்கு நாலு கோழி கொண்டுவந்து தந்தார்.

பக்கத்து வீட்டு ஆச்சி வந்து பார்த்தாள்.

“ஏய்யா, இது கோழியா, கொக்கா? உப்பளத்துல நிக்கதப் பிடிச்சிட்டு வந்துட்டியோ?”

“லெகான் ஆச்சி. வருஷத்துக்கு முந்நூறு முட்டை.”

“அடை உக்காருமா?”

“உக்காராது.”

“அப்பம் குஞ்சு பொரிக்கது யாரு?”

“இன்குபேட்டர்.”

“அது யாரு, அதோட மாமியாளா?”

ஆச்சியின் கேள்வியில் விஷயம் இருக்கிறது. நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் வேலையை நிறுத்திவிட்டு 21 நாள் அடைகாக்கும். பிறகு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டில் பாடம் நடத்தும். அத்தனை நாளும் முட்டை கிடையாது. பண்ணைக்காரருக்கு இது கட்டுப்படியாகுமா? அடைக்கு உட்காராத கோழிகளாகவே பொறுக்கியெடுத்துத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினார்கள். பிரசவ விடுப்பே கேட்காத ஊழியரை உருவாக்கிவிட்டுத்தான் மனிதன் ஓய்ந்தான்.

ஆண்களின் கதை இன்னும் மோசம். முட்டையிடும் இனத்தில் சேவல் குஞ்சுக்கு மதிப்பில்லை. கறியும் வைக்காது, முட்டையும் வராது. திருவிழாக் கடைகளில் ரோஸ், பச்சை, மஞ்சள் என்று சாயம் பூசி விற்கிறார்களே, அந்தக் கலர்க் குஞ்சுகளில் பெரும்பாலானவை இப்படிக் கழித்துவிடப்பட்ட ஆண்கள்தான். பக்கத்துத் திருச்செந்தூரிலோ சேவலுக்கு முருகன் கொடியிலேயே இடம். பிறக்கிற இடத்தைப் பொறுத்தது.

என் வீட்டில் சேவல் கிடையாது. முட்டை இடச் சேவல் தேவையே இல்லை என்று சொன்னால் ஊரில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். நம்பியவர் எதிர்வீட்டுக்காரர், சுத்த சைவம். பால் குடிக்கிறவர் உயிரில்லாத இந்த முட்டையைச் சாப்பிட ஆட்சேபிக்க வேண்டியதில்லை என்று காந்தியே ‘ஆரோக்கியத் திறவுகோல்’ நூலில் எழுதியிருக்கிறார் என்றேன். அவர் நிதானமாகக் கேட்டார்: “காந்தி ஆம்லெட் சாப்பிட்டாரா?” “இல்லை.” “அவர் எழுதினதை நீங்க பாருங்க. செஞ்சதை நான் பாத்துக்கிடுதேன்.” இதற்கு மேல் எதைப் பேச?

அக்னி நட்சத்திரத்தில்தான் லெகானின் உத்தியோகம் ஆட்டம் காணும். ஆறுமுகநேரி உப்பளங்களுக்கு அந்த வெயில் தெய்வம்; பாத்தியில் உப்பு விளைகிற நேரம் கூட்டில் முட்டை குறையும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இரைத்து இரைத்துத்தான் சூட்டைக் கழிக்கும். அப்படி இரைக்கும்போது ரத்தத்திலுள்ள கரியமில வாயு கூடுதலாக வெளியேறிவிடும். ஓடு கட்ட வேண்டிய கார்பனேட்டுக்குப் பஞ்சம் வந்து, முட்டை ஓடு காகிதம்போல மெலிந்துவிடும். எடுக்கப் போனால் விரல் உள்ளே போகும்.

ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஒரு முட்டைக்கே ஏறக்குறைய இரண்டு கிராம் கால்சியம். அதற்குக் கிளிஞ்சலைப் பொடித்துப் போட்டால் போதும். நம் கடற்கரையில் அதற்கா பஞ்சம்? முத்தும் முட்டை ஓடும் அடிப்படையில் ஒரே கால்சியம் கார்பனேட்தான். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-இல். அதற்குப் பிறகு இந்தக் கரையில் அதே சரக்கைத் தவறாமல் உருட்டித் தருவது கோழிதான். விலை மட்டும் கொஞ்சம் குறைவு.

அந்த விலையிலும் ஒரு வேடிக்கை. வெள்ளை ஓடு என்றால் ‘பண்ணை’ என்று முகம் சுளிக்கிறார்கள். பழுப்பு என்றால் பணத்தை நீட்டுகிறார்கள். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைச் சொல்லும், சத்தைச் சொல்லாது. இதைத் தெரிந்துகொண்ட சில கெட்டிக்காரர்கள் வெள்ளை முட்டையை டீத்தூள் தண்ணீரில் முக்கி நாட்டுமுட்டை ஆக்கிவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. டீத்தூள் விற்கிற விலையில் கட்டுப்படியும் ஆகாது.

லெகான் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டுக்கு மேலே வலை கட்டுங்கள். உடம்பு லேசு, வேப்பமரத்தில் ஏறிவிட்டால் இறங்குவது அதன் இஷ்டம். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். கருவாட்டுத்தூளை அள்ளிப் போடாதீர்கள். முட்டையில் வாடை வரும். இரவல் வாங்கிய நாட்டுக்கோழியை வைத்துக் குஞ்சு பொரித்துவிடலாம் என்றும் கணக்குப் போடாதீர்கள். சேவல் இல்லாத வீட்டு முட்டையை அடைவைத்தால் 21 நாள் கழித்துக் கிடைப்பது கூமுட்டை.