தொண்ணூற்றொன்பது தாங்கியும் ஒரு கானும்

எங்கள் ஒழுங்கையில் இப்போது ஜெனரேற்றர் இல்லாத வீடுகளை எண்ணுவதுதான் சுலபம். கரண்ட் போனதும் முதலில் கடற்கரைப் பக்க ஹோட்டலின் பெரிய மெசின் தானாகவே உறுமும். பிறகு பார்மசி, பிறகு டொக்டர் வீடு, கடைசியாக லண்டனிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைகள் இருக்கும் வீடுகள். எந்த வீட்டுக்கு எவ்வளவு காசு வருகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்: சத்தம் குறையக் குறைய வசதி கூட. அந்தக் காலத்தில் கணக்கு நேர்மாறு. சத்தம் கேட்கிற வீடுதான் பணக்கார வீடு, அந்தச் சத்தம் நாலு ஒழுங்கைக்குக் கேட்க வேண்டும் என்பதே அதன் நோக்கத்தில் பாதி.

அந்தக் காலம் என்று நான் சொல்வது எண்பதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகள் முடியும் வரை. திருகோணமலை நகரத்துக்குள் கரண்ட் இருந்தது. ஆனால் காட்டுவழியே வரும் லைனுக்கு எங்கேயாவது ஏதாவது நடந்துவிட்டால், எப்போது திரும்ப வரும் என்று கேட்பதையே விட்டுவிட்டோம். எங்கள் ஒழுங்கைக்கு இருந்தது ஒரேயொரு ஜெனரேற்றர். அதை வைத்திருந்த மாமா வீட்டு வெளிச்சத்துக்காக வாங்கியவர் அல்ல. வீடியோ டெக், டீவி, ஜெனரேற்றர் மூன்றையும் ஒன்றாக இரவு வாடகைக்கு விடுவார். காசு சேர்த்து, பாய் விரித்து, விடியும்வரை மூன்று படம். மூன்றாவது படத்தின் உச்சக்கட்டத்தில் எண்ணெய் குறைந்து மெசின் இருமத் தொடங்கும். வோல்ற்றேஜ் விழ, டீவிப் படம் நாலு பக்கத்தாலும் உள்ளே சுருங்கும். எத்தனையோ கதாநாயகர்கள் எங்கள் முற்றத்தில் ஒரு சாண் குட்டையாகித்தான் வில்லனை வென்றார்கள்.

அந்த மெசினைக் கிளப்புவது ஒரு வித்தை. அதில் தாங்கி இரண்டு. சிறியதில் பெற்றோல், பெரியதில் மண்ணெண்ணெய். சோக்கை இழுத்துவிட்டு, சில்லில் கயிற்றைச் சுற்றி, ஒரு காலைக் கல்லில் ஊன்றி ஒரே இழுவை. பெற்றோலில் கிளம்பி உடம்பு சூடானதும் திருகை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்ப வேண்டும். முந்தினால் நின்றுவிடும். பிந்தினால் பெற்றோல் நட்டம், மாமாவின் முகமும் கெட்டுவிடும். நிற்பாட்டும்போதும் கடைசிக் கொஞ்ச நேரம் பெற்றோலில் ஓடவிட்டுத்தான் நிற்பாட்டுவார், இல்லாவிட்டால் அடுத்த நாள் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கி அடம்பிடிக்கும். அந்தத் திருகைத் தொட மாமா விட்ட பையனுக்கு ஒழுங்கையில் இருந்த மதிப்பு, ஏ.எல். பாஸானவனுக்குக்கூட இருக்கவில்லை.

எத்தனை கேவிஏ என்று அப்போது யாரும் கேட்டதில்லை. கேட்டது ஒன்றுதான்: எதில் ஓடும்? 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்ட பிறகு கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் போகும் பெற்றோல், டீசல், பற்றறி எல்லாவற்றுக்கும் தடை. நகரத்துக்குள் வாங்கலாம். ஆனால் சைக்கிள் கரியரில் கானைக் கட்டிக்கொண்டு ஜெற்றிப் பக்கம் திரும்பினால், ஆளையும் கானையும் தனித்தனியாக விசாரிப்பார்கள். மண்ணெண்ணெய் என்றால் குப்பி விளக்குக்கு என்று சொல்லித் தப்பலாம், டீசலுக்கு அப்படி ஒரு கதை இல்லை. ஆகவே எங்கள் ஊரில் இயந்திரத்தைத் தெரிவுசெய்தது விலையோ வலுவோ அல்ல, காவலரணில் சொல்லக்கூடிய பதில்.

டீசல் எஞ்சினை நாங்கள் கண்டது கோவில் திருவிழாவில். லைற் எஞ்சின்காரர் வண்டிலில் கொண்டுவந்து இறக்குவார். பெரும்பாலும் லிஸ்ரர், அல்லது லிஸ்ரரைப் பார்த்து இந்தியாவில், ராஜ்கோட்டில் வார்த்தது. 6 குதிரைவலு, நிமிடத்துக்கு 650 சுற்று. பக்கத்தில் ஒரு பரல் தண்ணீர், அதுதான் ரேடியேற்றர். கைபிடியைச் சுழற்றி வேகம் ஏறியதும் வால்வை விழுத்துவார், டுக், டுக், டுக் என்று ஒவ்வொரு அடியாக எண்ணலாம். அந்த அடிக்கு ஏற்றபடி சோடனை பல்புகள் மின்னும். அம்மனுக்கே நாடித்துடிப்பு பார்க்கிறமாதிரி இருக்கும். அந்த எஞ்சின்கள் சில இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றை விற்றவர்கள் ‘சைலன்ட்’ என்ற சொல்லைப் பாவித்ததே இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

1996இல் வறட்சி. மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்ற, நாடு முழுவதும் மின்வெட்டு. கொழும்பு பதறியது. எங்களுக்கு மட்டும் ஒரு சின்னத் திருப்தி, அதை மறைப்பானேன். மகாவலி கொத்மலையிலும் விக்ரோறியாவிலும் கரண்டைக் கொடுத்துவிட்டுக் கடைசியில் எங்கள் கொட்டியாரக் குடாவில்தான் கடலில் விழுகிறது. தண்ணீர் எங்களுக்கு, வெளிச்சம் அவர்களுக்கு என்று இருந்த ஏற்பாடு அந்த வருடம் சமமானது.

இனி 2022க்கு வருவோம். சீனக்குடாவில், காட்டுக்குள், பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் விமானத்தில் வந்து திருகோணமலைத் துறைமுகத்தை அடித்தபோது இந்தத் தாங்கிகளிலும் அடி விழுந்தது. உலக யுத்தமே தேடிவந்த எண்ணெய் எங்கள் கொல்லைக்குள் என்று வாத்திமார் வகுப்பில் பெருமையாகச் சொல்வார்கள். 2022 ஜனவரியில் அந்தத் தாங்கிகளைப் பங்குபிரித்து ஒப்பந்தம் கைச்சாத்தானது: லங்கா ஐஓசிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த புதுக் கம்பனிக்கு 61. மூன்று மாதம் ஆகவில்லை, மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஏ, பி, சி என்று ஊருக்கு ஒரு எழுத்துக் கொடுத்து அட்டவணை போட்டார்கள். சாதகத்தில் ராசி தெரியாதவர்களுக்கும் தங்கள் மின்வெட்டு எழுத்துத் தெரிந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் ஜெனரேற்றர் வாங்க ஊரே ஓடியது. நானும் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைக்காரர்கள் கேவிஏ பேசினார்கள், கனொப்பி பேசினார்கள், கீ ஸ்ராட் பேசினார்கள். ஒருவரும் ஒன்றைப் பேசவில்லை. கரண்ட் போனதற்கு முக்கியக் காரணமே மின்நிலையங்களுக்கு டீசல் இல்லாததுதான். டீசல் இல்லாமல் போன கரண்டுக்கு டீசல் ஜெனரேற்றர் வைத்தியம்! பெற்றோல் செட்டில் கானுக்கு அடிக்கக்கூடாது என்று உத்தரவு. மார்ச்சில் கூட்டுத்தாபன டீசல் லீற்றர் 176 ரூபா, ஆனால் இல்லை. ஜூன் 26இல் 460 ரூபா, அதற்கும் வரிசை. ஒரு காலத்தில் கான் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டார்கள். இந்தமுறை கானே வரக்கூடாது என்றார்கள். முன்னேற்றம்தான்.

கடைசியில் எனக்கு வழி சொன்னது கடைக்காரர் அல்ல, கிண்ணியாவிலிருந்து வந்து மெசின் திருத்துகிற நானா. ஒரு கடை வாசலில், பெட்டி பிரித்த 5 கேவிஏ டீசல் ஒன்றின் முன்னால் நின்றோம்.

“நானா, இது சைலன்ட் என்கிறார்கள்.”

“சேர், மூடி போட்டிருக்கு. கொஞ்சம் மெதுவாக் கத்தும். அவ்வளவுதான். காத்தால குளிர்ற எஞ்சின், மூவாயிரம் சுத்து. லிஸ்ரர் மாதிரிப் பரம்பரைக்கு நிக்காது.”

“வலு காணுமா?”

“ஒட்டியிருக்கிறது உச்சம். தொடந்து தாங்கிறது அதுல குறையத்தான். அத விடுங்க. வீட்டுல என்ன போடப் போறீங்க, அதச் சொல்லுங்க.”

நான் சொல்லச் சொல்ல, கடைச் சிட்டையின் பின்பக்கத்தில் எழுதினார். எல்ஈடி பல்பு ஐந்து, ஒவ்வொன்றும் 9 வாட். ஃபான் மூன்று, ஒவ்வொன்றும் 60. ஃபிரிட்ஜ் ஓடும்போது 150. டீவி, வைஃபை எல்லாம் சேர்ந்து 100. மொத்தம் 500 வாட்டுக்குக் கிட்ட. பிறகு பேனையை நிறுத்திவிட்டுக் கேட்டார், கிணற்று மோட்டருக்கு என்ன செய்வது என்று. அரைக் குதிரைவலு மோட்டர் ஓடும்போது 600 வாட் போல எடுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போல மூன்று நாலு மடங்கு கேட்கும். ஒரு வீடு 4, 5 கேவிஏ என்று நினைப்பதெல்லாம் அந்த இரண்டு செக்கன்களுக்காகத்தான்.

“கரண்ட் இருக்கக்குள்ள தண்ணித் தாங்கிய நிரப்பி வைங்க சேர். மோட்டர இந்தக் கணக்கிலேருந்து எடுங்க. எடுத்தா, இந்த மெசின் உங்களுக்குப் பெரிசு.”

பெரிது என்றால் நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். டீசல் விஷயத்தில் அப்படியில்லை. கேவிஏயை 0.8ஆல் பெருக்கினால் இது 4 கிலோவாட். என் வீட்டுச் சுமை அதில் எட்டில் ஒரு பங்கு. டீசல் எஞ்சினை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த சுமையில் நெடுக ஓட்டினால் உள்ளே போதிய சூடு ஏறாது, டீசல் முழுதாக எரியாது. கரியும் கறுப்பு எண்ணெயும் புகைக்குழாயில் படியும். எண்ணெய்ச் செலவும் பெரிதாகக் குறையாது. நானா புகைக்குழாய்க்குள் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். காட்சிக்கு ஓட்டிய மெசினிலேயே மை அப்பியிருந்தது. கடைக்காரர் வேறு பக்கம் பார்த்தார். வாசலில் படுத்திருந்த புள்ளிமான் மட்டும் எங்களைப் பார்த்தது. எங்கள் ஊர்க் கடைவீதியில் மான்கள் வாடிக்கையாளர்களைவிட ஒழுங்காக வரும்.

மெசின் வாங்காமல் திரும்பினேன். பிறகு வாங்கியது இன்வேட்டரும் ஒரு பற்றறியும். ஃபிரிட்ஜைக் கொழுவாவிட்டால் ஃபானும் லைற்றும் ஒரு மின்வெட்டைக் கடக்கப் போதும். சத்தமே இல்லாததால் எங்கள் வீட்டில் வெளிநாட்டுக் காசு கொட்டுகிறது என்று ஒழுங்கையில் கதை.

பக்கத்து வீட்டுக்காரர் கூரை நிறைய சோலர் போட்டார். கரண்ட் போனால் அவர் வீட்டிலும் இருட்டு. மின்சார சபை லைனோடு சேர்ந்து ஓடும் சோலர், லைன் செத்ததும் தானும் நின்றுவிடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. லைனில் வேலைசெய்பவர் சாகக்கூடாது என்பதற்காக. பட்டப்பகல் வெயிலில் கூரையைப் பார்த்துக்கொண்டு அவர் விசிறியால் விசிறுவார். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டு நாடே இருண்டபோதும் அப்படித்தான் இருந்தார். இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புதுவருட விடுமுறையில், கரண்ட் மிதமிஞ்சிவிட்டது, கூரைச் சோலரைப் பகலில் நிறுத்தி உதவுங்கள் என்று மின்சார சபை கேட்டது. டெக் மாமா இருந்திருந்தால் இதை நம்பியிருக்க மாட்டார். குடாவுக்கு அந்தப் பக்கம் சம்பூரிலோ, நிலக்கரி மின்நிலையம் என்று வருடக்கணக்காகச் சொல்லி 2016இல் கைவிட்ட இடத்தில், 120 மெகாவாட் சோலருக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் விழா நடந்தது.

ஆகவே, சின்ன வீட்டுக்கு டீசல் ஜெனரேற்றர் எதுவென்று என்னைக் கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்: வேண்டாம். மீன் ஐஸ் பெட்டி, அரைக்கும் மெசின், வெல்டிங் என்று அரைவாசிச் சுமையாவது தொடர்ந்து கொடுக்கக்கூடியவர்கள் வாங்குங்கள். கடற்காற்றில் உப்புப் பிடிக்கும், மாதத்துக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் சுமையோடு ஓட்டுங்கள். வீட்டுக்குள், ஜன்னலுக்குக் கீழ், விறாந்தையில் வைத்து ஓட்டாதீர்கள், அந்தப் புகையில் ஆள் எழும்பாமலே போவார். இன்னொன்று. இரண்டு பக்கமும் ஊசியுள்ள வயரைச் சுவர்ப் பிளக்கில் குத்தி வீடு முழுக்க வெளிச்சம் கொடுக்கும் பழக்கம் எங்கள் ஒழுங்கைகளில் இன்னும் இருக்கிறது. அந்தக் கரண்ட் தெருவுக்குத் திரும்பி, டிரான்ஸ்போமரில் ஆயிரக்கணக்கான வோல்ற்றாக ஏறி, லைன் செத்துவிட்டது என்று நம்பித் தூணில் நிற்கிற மனிதனிடம் போகும். மெசினுக்கு எடுத்துவைத்த காசில் முதல் செலவு சேஞ்ச் ஓவர் ஸ்விட்சுக்கு இருக்கட்டும். வயர்மன் வந்து அதைப் பூட்டும்வரை கீயைத் திருகாதீர்கள்.